கொடியில் காய்ந்த சேலைகள்

நெடுங்கண்மாய் உடைந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கரையைப் பலப்படுத்துங்கள் என்று ஊரே கெஞ்சியபோது காதில் வாங்காத ஜமீன்தார், கலெக்டர் துரை வருகிறார் என்றதும் கோயில் சுவரில் சித்திரம் எழுதும் இருளப்பனைக் கூப்பிட்டுவிட்டார்.

"புதுக் கரையையும் ஊரையும் அரண்மனைச் சுவத்துல எழுது. உள்ளது உள்ளபடி இருக்கணும். ஆனா ஒரு பிணம் தெரியக் கூடாது, அழுகிற முகம் ஒண்ணு தெரியக் கூடாது. தெரிஞ்சா உன் விரல் இருக்காது."

"உத்தரவு சாமி" என்றான் இருளப்பன்.

கலெக்டர் வந்தார். திரை விலகியது. பச்சை வயல், புதுக் கரை, அதன்மேல் குதிரையில் ஜமீன்தார். பிணமும் இல்லை, கண்ணீரும் இல்லை. ஜமீன்தார் மீசையை முறுக்கிக்கொண்டார்.

கலெக்டர் சுவரை நெருங்கிப் பார்த்துவிட்டு ஜமீன்தாரிடம் திரும்பினார். "உயிர்ச்சேதமே இல்லை என்று எனக்குக் கடிதம் எழுதியிருந்தீரே? வீட்டுக்கு வீடு கொடியில் ஏன் வெள்ளைச் சேலையே காய்கிறது?"

இருளப்பன் சொன்னான்: "அன்னைக்கு வரைக்கும் எல்லா நிறமும் கட்டினவங்கதான், துரை. கரையைக் காக்கப் போன புருஷமார் திரும்பலை."

"பொய்!" என்று குதித்தார் ஜமீன்தார். "கடைசி வீட்டுல ஒரு சேலை சிவப்பா இருக்கே, அது என்ன?"

"அது ஒண்ணுதான் சாமி பொய். அது என் மகளோட சேலை. மூணு தடவை வெள்ளையைத் தொட்டு எடுத்தேன். கை போகலை."