பாறை உச்சியில் ஓட்டைத் தொட்டிகள்

மேகம் வந்து மோதுகிற உயரத்தில், ஒரே கல்லாலான குன்றின்மேல் கோட்டை கட்டி, கழுகுப்பாறை நாட்டை ஆண்டுவந்தான் எறிமாறன் என்றொரு ராஜா. அந்த உச்சியில் ஒரு பிடி மண் கிடையாது, புல்கூட முளைக்காது. ராஜாவோ நினைத்தது நினைத்த மாத்திரத்தில் நடக்கவேண்டும் என்கிறவன்.

சித்திரை மாதம் ஒருநாள் சபையில் வந்து உட்கார்ந்ததுமே, "என் மேல்மாடத்தில் நந்தவனம் வேண்டும்! மண் இல்லையென்றால் தொட்டியில் வளர்த்துக் காட்டுங்கள்!" என்றான்.

பொக்கிஷ அதிகாரி மாணிக்கத்தரையன் துள்ளி எழுந்தான். அரண்மனையில் எந்தக் காரியமும் தன் கையை மீறிப் போவது அவனுக்குப் பிடிக்காது.

"அதற்கென்ன பிரபு! வெண்கல அண்டாக்கள் இருக்கின்றன. சீனத்து ஜாடிகள் இருக்கின்றன. ராஜா வீட்டுச் செடி ராஜா வீட்டுப் பாத்திரத்தில்தானே வளரவேண்டும்?"

மந்திரி மெல்லத் தொண்டையைச் செருமினார். "அடிவாரத்துப் பாறைத்தெருவில் ஆவுடைச்சி என்று ஒரு பூக்காரி இருக்கிறாள், பிரபு. அவள் வாசலிலும் மண் கிடையாது. ஆனால் கோயிலுக்குத் தினமும் போகிற மல்லிகை அவள் தொட்டியில் பூத்ததுதான்."

"சரி, இரண்டு பேரும் தொட்டி கொண்டுவாருங்கள். யாருடையது சரியோ அவர் கையில் நந்தவனம்!"

ஆவுடைச்சி குயவர் சூளைக்குப் போனாள். ஒவ்வொரு தொட்டியையும் விரல் முட்டியால் தட்டி, காது கொடுத்துக் கேட்டாள். கணீரென்றால் எடுத்துக்கொண்டாள்; மொத்தென்றால் தள்ளிவைத்தாள். எலுமிச்சைக்கு ஆழமானது, மல்லிகைக்கு வாய் அகன்றது, துளசிக்குச் சின்னது. பிறகு எல்லாவற்றையும் கவிழ்த்து, ஆணி வைத்துப் பதமாகத் தட்டி, அடியில் ஓட்டை போட்டாள்.

ராஜாவும் சபையாரும் பார்க்க, மேல்மாடத்தில் அண்டாக்களுக்குப் பக்கத்தில் அவற்றை அடுக்கினாளோ இல்லையோ, மாணிக்கத்தரையன் அலறினான்.

"ஐயோ பிரபு! ஓட்டைப் பானை! சுடுகாட்டில் பிணத்தைச் சுற்றிவந்து உடைப்பார்களே, அந்தப் பானை! அதைத் தங்கள் அரண்மனை உச்சியில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள், பாதகி!"

சபை நடுங்கிவிட்டது. ராஜாவின் கண் சிவந்தது. "இவள் தலையை வாங்குங்கள்!"

ஆவுடைச்சி கைகூப்பிச் சொன்னாள்: "மகாராஜா, இந்தத் தலை எங்கேயும் ஓடிப்போகாது. அதை வாங்குமுன் ஒரு வார்த்தை. எந்தத் தொட்டி நல்லது என்று செடியைத்தான் கேட்கவேண்டும். அதற்கோ வாய் இல்லை. அதனால் நாங்கள் ரெண்டு பேரும் செடியாக நிற்கிறோம். ஐயா அவர் அண்டாவில் நிற்கட்டும். நான் என் தொட்டியில் நிற்கிறேன்."

ராஜாவுக்குக் கோபத்திலும் வேடிக்கை பிடிக்கும். "அண்டாவுக்குள் இறங்கும், அரையரே!" என்றான் பொக்கிஷ அதிகாரியிடம்.

உச்சிவெயில். அண்டாவிலும் தொட்டியிலும் மண் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். இருவரும் கால் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மாணிக்கத்தரையன் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்க ஆரம்பித்தான்.

"எப்படி இருக்கிறது, அரையரே?" என்றான் ராஜா.

"சுகம் பிரபு... பரம சுகம்..."

"நல்லது. செடிக்கு இன்னும் தண்ணீர் விடுங்கள்!"

ஆவுடைச்சியின் தொட்டியில் விட்ட தண்ணீர் அடியால் வடிந்து பாறையில் ஓடியது. அண்டாவில் விட்டதோ மண்ணைக் கூழாக்கிக்கொண்டு முழங்கால்வரை ஏறியது. வெண்கலம் நெருப்பாய்க் காய்ந்தது.

"ஐயோ, வேகிறேனே! கால் அவிந்துபோகிறதே! இந்தத் தண்ணீர் வெளியே போக அடியில் ஒரு வழி பண்ணுங்களேன்!"

ஆவுடைச்சி தலைகுனிந்து, "மகாராஜா, நான் போட்ட வழியைத்தான் ஐயா இப்போது கேட்கிறார்" என்றாள்.

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. எழுந்து வந்து, அவள் நின்ற தொட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தான். சுற்றிலும் பாறை அனலாய்க் கொதிக்க, அது மட்டும் ஈரமாக, சில்லென்று இருந்தது.

"இது... வேர்க்கிறதே!"

"ஆமாம் மகாராஜா. தொட்டி வேர்ப்பதால்தான் உள்ளே வேர் பிழைக்கிறது."

அவன் கையை எடுக்க மனமில்லாமல் வெகுநேரம் நின்றான். எத்தனையோ கோட்டைகளைப் பிடித்த கை அது. ஒரு மண்சட்டி தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பதாக அதற்குத் தோன்றியது.

"அம்மா, உன் தலைக்குக் கத்தியைத் தூக்கினேன். பொறுத்துக்கொள். இனி மேல்மாடம் உன்னுடையது. சபையில் உனக்கு ஆசனமும் உண்டு. அரையரே, முதல் பூ மலரும்வரை அடிவாரத்திலிருந்து செடிகளுக்குத் தண்ணீர் சுமப்பது உம் வேலை!"

ஆடி மாதத்தில் ஒரு காலை. மாடத்துக்கு வந்த ராஜா வாசலிலேயே நின்றுவிட்டான். வெறும் கல்லின்மேல் மல்லிகை வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தது. ஏதோ ரீங்காரம் கேட்டது. கட்டியம் கூறுகிறவனை வாயில் விரல் வைத்து அடக்கினான்.

தேனீ! கோட்டை கட்டிய நாளிலிருந்து அந்த உச்சிக்கு வந்திராத ஒரு தேனீ.

"இவ்வளவு உயரத்துக்கு இதற்கு யார் வழி சொன்னது?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"தெரியாது மகாராஜா" என்றாள் ஆவுடைச்சி. அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

கிரீடத்தின் பளபளப்பில் தேனீ மிரண்டுவிடப் போகிறதே என்று ராஜா அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வெறுந்தரையில் உட்கார்ந்தான். அன்றைக்குச் சபை கூடவில்லை.