ஏழு தெருவின் கைப்பிடி அரிசி

டமடமவென்று தமுக்குச் சத்தம்தான் முதலில் வந்தது. அடிக்கிறவன் தெருமுனை திரும்புவதற்குள் நீர்மங்கலத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

ரொம்ப காலத்துக்கு முன்னால் அந்த ஊரைச் சித்திரசேனன் என்றொரு ராசா ஆண்டான். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அவன் ஆணைகளைத் தமுக்கடித்துச் சொல்கிறவன் ஆனையப்பன். ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆணையைக் கேட்ட தெரு, சம்மதம் என்று அவன் கூடையில் ஒரு கைப்பிடி அரிசி போடும். அரிசி விழாத ஆணை செல்லாது. அந்த அரிசிதான் அவனுக்குக் கூலியும்.

போன மாதம், படகுக்காரர்கள் வேறு சாமி கும்பிடுகிறார்கள், ஊரைவிட்டுப் போகட்டும் என்று ஆணை. தளவாய் வீரசிங்கனின் ஆட்கள் வாளோடு பின்னால் வந்தார்கள். படகுத்தெரு தவிர மற்ற ஏழு தெருவும் குனிந்த தலையோடு அரிசி போட்டது. சாயங்காலமே படகுத்தெரு எரிந்தது. மூன்று பேர் செத்தார்கள். ஆனையப்பன் வீட்டு உலையில் அந்த அரிசிதான் வெந்தது. அவனும் சாப்பிட்டான்.

இன்றைய ஆணை தறிக்காரர்களைத் துரத்த. ஊர் பயந்துதானே கிடக்கிறது என்று தளவாய் இந்த முறை ஆட்களை அனுப்பவில்லை. சொல்லி முடித்துக் கூடையை நீட்டினான். நெல் குத்துகிற வெள்ளச்சி மட்டும் வெளியே வந்தாள், வெறுங்கையோடு.

"அரிசி இல்லையா தாயி?"

"வீடு நிறைய இருக்குண்ணே. போன மாசம் போட்ட கையைத்தான் இன்னும் கழுவிக்கிட்டு இருக்கோம்."

ஏழு தெருவிலும் இதே கதை. அரண்மனை வாசலில் தளவாய் மறித்தான். "களஞ்சியத்து அரிசியை அள்ளிப் போட்டுக்கொண்டு போ. இல்லாவிட்டால் உன் தலை இருக்காது."

ஆனையப்பனின் கை வாசலோரக் களஞ்சியத்து அரிசிக் குவியல்வரை போயிற்று. அங்கேயே நின்றது. பிறகு வெறுங்கூடையோடு சபைக்குள் நுழைந்தான். வெள்ளச்சியும் பின்னாலேயே வந்துவிட்டாள்.

"ஊரே என் பக்கம்தான் மகாராஜா. இந்தச் சோம்பேறி தெருவுக்கே போகவில்லை" என்றான் தளவாய்.

"அப்படின்னா வாளை இங்க வச்சிட்டு, உங்க ஆளுங்களையும் நிறுத்திட்டு, கூடையை நீங்களே எடுத்துட்டுப் போங்க சாமி" என்றாள் வெள்ளச்சி. "ஒரு பிடி விழுந்தாலும் எங்க ரெண்டு பேர் தலையும் உங்களுக்கு."

ராசாவுக்கு வேடிக்கை பிடித்துப்போயிற்று. "போய் வாரும் தளவாய்."

"என் தலையையும் சேர்த்துல்ல பணயம் வச்சிட்டே தாயி" என்று முணுமுணுத்தான் ஆனையப்பன்.

"இனியும் ஒரு பிடி விழுந்தா, அப்புறம் இந்தத் தலை எதுக்குண்ணே."

உச்சிப்பொழுதில் தளவாய் திரும்பினான். கூடையில் ஒரு மணி இல்லை.

"உம்முடைய வீட்டிலுமா?" என்றான் ராசா.

"என் சம்சாரம் குடிக்கத் தண்ணீர் மட்டும் கொடுத்தாள், மகாராஜா."

சபையில் யாரும் சிரிக்கவில்லை. ராசா குனிந்து தன் விரல்களைப் பார்த்தான். போன மாதத்து அரிசியைத் தொட்டு ஆணைக்கு முத்திரை வைத்த விரல்கள். தறிக்காரர்கள் இருக்கட்டும், படகுக்காரர்களும் திரும்பி வரட்டும் என்றான். எரிந்த வீடுகளைத் தளவாயும் அவன் ஆட்களும் மண் சுமந்து கட்டித் தரவேண்டும் என்றான். வெள்ளச்சிக்கும் ஆனையப்பனுக்கும் பொற்காப்பு நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள், வீடிழந்தவர்களுக்குக் கொடுக்க. ஆனையப்பனால் கை நீட்டவோ தலை நிமிரவோ முடியவில்லை.

"போன மாசமே நான் வெறுங்கூடையோட வந்திருக்கணும் மகாராசா."

"வந்திருந்தால் உன் தலையை வாங்கியிருப்பேன்" என்றான் ராசா, மெதுவாக. "அதுதான் எனக்கு வெட்கம்."

ஆனையப்பன் வீட்டில் குடம் காலியாக இருந்தது. ஒரு மாதமாக வேறு துறைக்குச் சுற்றிப்போய்த் தண்ணீர் எடுத்தவன், அன்று படகுத்துறைக்கே போனான். வீடு எரிந்தபின் படகிலேயே குடியிருந்த கிழவர் ஒருவர் படியில் உட்கார்ந்திருந்தார். அவனை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டார். ஆனையப்பன் குனிந்து குடத்தைத் தண்ணீரில் முக்கினான்.