நாற்பத்தியோராம் பக்கம்

அமலோற்பவத்தின் ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தபோது சிவக்கொழுந்துவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. செருப்பைக் கழற்றக்கூட மறந்துவிட்டார். அந்தக் கடையில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. அவர் மட்டும் கழற்றுவார், ஏனென்றால் அமலோற்பவம் அவருக்குக் குரு.

குரு என்றால் காவி கட்டிய குரு இல்லை. உறையூரில் ஜெராக்ஸ் எடுத்து, லேமினேஷன் போட்டு, ஆதார் திருத்தத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிற அம்மாள். வயதில் சிவக்கொழுந்துவை விட இரண்டே வருஷம் மூத்தவர். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சின்னத் தொலைக்காட்சி நிலையத்தில் அட்டை எழுதுகிற வேலையில் இருந்தார். பெயரானாலும் புகைப்படமானாலும் அட்டையில் ஏற்றி, கேமரா முன்னால் ஸ்டாண்டில் வைக்க வேண்டும். சிவக்கொழுந்து அங்கே கேமரா பிடிக்க வந்து சேர்ந்தார். ஒரு முகத்தைச் சட்டத்துக்குள் எங்கே நிறுத்தினால் அது நம்மோடு பேசும் என்று அவருக்குக் காட்டிக் கொடுத்தது கேமராப் பிரிவு இல்லை, இந்த அக்காதான். அதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. தலைமை ஒளிப்பதிவாளராகி, ஓய்வு பெற்ற பிறகும் கிறிஸ்துமஸ் தவறாமல் கேக் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.

"படிங்க அக்கா" என்று ஒரு தாளை நீட்டினார்.

நிலையத்தின் முப்பதாம் ஆண்டுக்கு மலர் போடுகிறார்கள். பழைய ஊழியர்கள் ஆளாளுக்கு நினைவுகளை எழுதித் தந்திருக்கிறார்கள். அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்கிற பொறுப்பு சிவக்கொழுந்துவுடையது. கேன்டீன் போண்டா, மழைக்கு ஒழுகிய மேக்கப் அறை, நேரலையில் செய்தி மேஜைக்கு அடியில் புகுந்த பூனை என்று சிரித்துக்கொண்டே படித்து வந்தவர், நாற்பத்தியோராம் பக்கத்தில் நின்றுபோனார். அந்தக் காலத்து இயக்குநர் மாதவராமன் எழுதியிருந்தார். தலைப்பு, 'மறக்க முடியாத காமெடி.'

'காணவில்லை அறிவிப்பில் ஒரு தாத்தா படத்தைக் காட்டி, வயது ஒன்பது, நீலநிற அரைக்கால் சட்டை அணிந்திருந்தான் என்று சொல்ல வைத்துவிட்டார் எங்கள் அட்டை அம்மணி. தூக்கக் கலக்கம்! மறுநாளே வீட்டுக்கு அனுப்பி நன்றாகத் தூங்கச் சொன்னோம்.'

தூங்கச் சொன்னார்களாம். என்ன கொழுப்பு இருந்தால் இப்படி எழுத வரும்!

நடந்தது என்ன என்று அன்றைக்கு ஸ்டுடியோவில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். இரண்டே அறிவிப்புகள். முதலில் ஒன்பது வயதுப் பையன், அடுத்து எழுபத்தொரு வயதுப் பெரியவர். நேரலைக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது மாதவராமனுக்குப் போன் வந்தது. பெரியவர் வேண்டப்பட்ட இடத்துச் சொந்தம், அவரை முதலில் போடு என்றார்கள். மாதவராமனே இறங்கி வந்து அட்டைகளை இடம் மாற்றி வைத்தார். வாசிக்கிறவர் தாளையும் மாற்ற வேண்டுமே என்று அமலோற்பவம் கேட்டார். அதெல்லாம் எனக்குத் தெரியும், நீ உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு மனுஷன் மாடியில் இருந்த கன்ட்ரோல் ரூமுக்கு ஓடினார். தாளை மாற்றவில்லை. மறுபடி போனைப் பிடித்துக்கொண்டு, போட்டாச்சு சார், போட்டாச்சு சார் என்று வழிந்துகொண்டிருந்தார்.

முதல் கேமராவில் பெரியவர் முகம் போய்க்கொண்டிருந்தது, குரல் பையனைப் பற்றி. பையனின் முகம் இரண்டாவது கேமராவில் காத்திருந்தது. அதைப் பிடித்திருந்தவர் சிவக்கொழுந்து.

நேரலையில் கீழே நிற்கிறவர்கள் வாய் திறக்கக் கூடாது, மைக் இழுத்துக்கொள்ளும். அதனால் கேமராக்காரர்கள் கேமராவாலேயே பதில் சொல்வார்கள். மேலும் கீழும் அசைத்தால் சரி. பக்கவாட்டில் ஆட்டினால் வேண்டாம். மாடியில் பட்டன் தட்டுகிறவர் பார்த்துப் படத்தை நிறுத்திக்கொள்வார். சிவக்கொழுந்துவின் படம் ஒளிபரப்பாவதற்கு முன் முழுசாகப் பதினைந்து விநாடி இருந்தது. ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்ற அமலோற்பவம், ஆட்டு ஆட்டு என்று அவருக்குக் கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். சிவக்கொழுந்து வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. மேலே இருப்பது மாதவராமன், அந்த வாயிலிருந்து என்ன வரும் என்று எல்லாருக்கும் தெரியும். கேமரா அசையவில்லை.

பையன் முகம் வந்தது. வாசித்த பெயரும் போன் நம்பரும் பெரியவருடையவை. கரூரில் ஒரு டீக்கடைக்காரர் தன் கடை வாசலில் நின்ற பையனைப் பார்த்துவிட்டு, டிவியில் சொன்ன நம்பருக்கு அடித்தார். எங்கள் வீட்டில் பையன் யாரும் காணாமல் போகவில்லை என்று வைத்துவிட்டார்கள். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் பையனைக் காணோம். பிறகு ஒரு செங்கல் சூளையில் அவன் கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று. இதுதான் அந்தப் பெரிய மனுஷனுக்குக் காமெடி.

மறுநாள் விசாரணை என்று ஒரு கூத்து. அட்டையை மாற்றி வைத்தது அட்டைக்காரிதான் என்று எழுதி, கீழே நின்ற ஐந்து பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் அமலோற்பவத்தை அனுப்பியாயிற்று. அதற்கப்புறம் எந்த நிலையமும் அவரைச் சேர்க்கவில்லை. தூங்குமூஞ்சி என்கிற பேச்சு எங்கே போனாலும் கூடவே வந்தது.

இப்போது அவர் நாற்பத்தியோராம் பக்கத்தைப் படித்து முடித்துக் கவுன்ட்டர் மேல் வைத்தார். ரேஷன் கார்டோடு ஒருவர் வந்தார். கார்டை வாங்கி, உறைக்குள் போட்டு, மெஷினுக்குள் விட்டார். சிவக்கொழுந்துவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. மாதவராமனைச் சும்மா விடக் கூடாது என்றார், மேடையில் வைத்து அந்த ஆளைக் கிழிக்க வேண்டும் என்றார், இருபத்தெட்டு வருஷமாக ஒரு பொய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறதே என்றார். ரேஷன் கார்டுக்காரர் மிரண்டுபோய் மீதிச் சில்லறை கூட வாங்காமல் போய்விட்டார்.

"உங்களுக்குக் கோவமே வரலியாக்கா?"

"வந்துச்சு. அந்தப் பையனோட அம்மா நம்ம டிவி ஸ்டேஷன் வாசல்ல வந்து நின்னுச்சு. வாட்ச்மேன் என்னைக் கை காட்டினான். நான் பையைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்துட்டிருந்தேன். அந்தம்மா என்னைத் திட்டல. கொஞ்சம் பாத்து வச்சிருக்கலாமேம்மான்னு மட்டும் கேட்டுச்சு."

"நீங்க சொல்லலியா, நான் இல்லேன்னு?"

"சொன்னேன். அஞ்சு பேரு எழுதிக் குடுத்திருக்காங்களாமேன்னுச்சு."

அந்த அம்மாள் இன்னும் மண்ணச்சநல்லூரில்தான் இருக்கிறாராம். எப்போதாவது சந்தையில் எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். சாகிறதுக்குள் அவருக்கு மட்டும் ஒரு தடவை தெரிந்தால் போதும், வேறு யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார் அமலோற்பவம்.

சிவக்கொழுந்து பையிலிருந்து இன்னும் நாலு தாளை எடுத்தார். மூன்று நாள் உட்கார்ந்து எழுதியது. மாதவராமன் எழுதியதைத் தூக்கிவிட்டு இதைப் போடப் போவதாகச் சொன்னார். மலர் அச்சானதும் முதல் பிரதியைத் தானே மண்ணச்சநல்லூருக்குக் கொண்டுபோய் அந்த அம்மாள் கையில் கொடுப்பதாகவும் சொன்னார்.

"எதுல பிழை இருக்கு, எதை மாத்தணும்னு நீங்க சொல்லுங்க. அப்படியே மாத்திடறேன்."

அமலோற்பவம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கடைக்கு வந்த இரண்டு பேரைச் சாயங்காலம் வரச் சொன்னார். ஒரு வரி விடாமல் படித்தார்.

நன்றாகத்தான் எழுதியிருந்தார். போன் வந்தது, அட்டை மாறியது, கரூர் டீக்கடை, செங்கல் சூளை என்று படிக்கிறவர் ரத்தம் கொதிக்கிற மாதிரி எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவர்களைப் பிடித்து உலுக்கியிருந்தார். அறிவிப்பு வாசித்த கோதைநாயகி, முதல் கேமரா ரங்கராஜ், லைட் ஜோசப், சவுண்டு இப்ராகிம் என்று பெயர் சொல்லி, முதுகெலும்பு இல்லாதவர்கள் என்று எழுதியிருந்தார். கண்ணெதிரே ஒரு பெண்ணின் பிழைப்பு போகும்போது வேடிக்கை பார்த்தவர்கள் என்றும் எழுதியிருந்தார்.

"கோவம் நல்லா வந்திருக்கு" என்றார் அமலோற்பவம்.

"வராதா பின்னே? இத்தனை வருஷம் அடக்கி வச்சது அக்கா."

"மாதவராமன் பேசினது ஒண்ணு விடாம ஞாபகம் வச்சிருக்க."

"எல்லாம் அப்படியே இருக்குக்கா. யாரையும் விடல."

அமலோற்பவம் நாலு தாளையும் ஓரம் சேர்த்துத் தட்டி அவர் கையிலேயே கொடுத்தார்.

"அன்னிக்கு நீ லீவா, கொழுந்து?"