இரண்டாவது கியரின் பித்தளை ரிங்

அநியாயம் நடந்தது பூங்கோதைக்கு.

கோயம்புத்தூரில் ஒரு ரேஸ் கார் ஒர்க்‌ஷாப்பில் பதினெட்டு வருஷம் வண்டிகளின் வயிற்றுக்கடியில் படுத்துக் கிடந்தவள் அவள். தான் முடுக்கிய ஒவ்வொரு ஆயில் மூடியிலும் பச்சைப் பெயிண்ட்டால் ஒரு பொட்டு வைப்பாள். இது என் வேலை, கேள்வி இருந்தால் என்னிடம் வா என்று அர்த்தம்.

ஒருநாள் அவள் பொட்டு வைத்து அனுப்பிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று மலையிறங்கும்போது, இரண்டாவது கியர் விழாமல் போய்ச் சுவரில் மோதியது. அன்று சாயங்காலமே முதலாளி பத்துப் பேர் நடுவில் சொன்னார்:

"பொம்பளை கையில ஆயில் டின்னைக் குடுத்தா இப்படித்தான்."

அவளுடைய ஸ்பானர் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது.

என்ன ஆயில் ஊற்றினாய், ஏன் ஊற்றினாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? சரி, அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்காவது எந்த வண்டிக்கு எந்த ஆயில் என்று தெரியுமா என்றால், அதுவும் கிடையாது. தெரியாதவர்கள், கேட்காமலே, தீர்ப்புச் சொன்னார்கள்.

எட்டு மாதம் எந்த ஒர்க்‌ஷாப்பும் அவளை உள்ளே விடவில்லை.

ஒன்பதாவது மாதம் யாரோ நஸ்ரினைப் பற்றிச் சொன்னார்கள். பொள்ளாச்சி சாலையில், மூடிப்போன நூல் மில்லுக்குள் இருக்கிறாள். பழைய வண்டிகளைக் காதால் பார்ப்பவள். கியர்பாக்ஸைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஊரில் பேச்சில்லை.

அந்த ஒரு வார்த்தை பூங்கோதைக்கு வேண்டும். 'ஆயில் மேல் தப்பில்லை.' அது கிடைத்தால் திரும்ப வேலை. கிடைக்காவிட்டால் அந்தப் பெட்டியை இனி திறக்கவே வேண்டாம்.

*

மில்லில் இயந்திரங்கள் இல்லை. அவை நின்ற இடங்கள் மட்டும் தரையில் கறுப்புக் கறுப்பாக இருந்தன.

பட்டப்பகல். கூரைக் கண்ணாடி வழியாக விழுந்த வெயிலில் பஞ்சு மிதந்தது. மில் மூடிப் பதினோரு வருஷம் ஆகிறது.

ஒரு பெண் வெள்ளைக் கார் ஒன்றின் மேல் குனிந்திருந்தாள். நீள ஸ்க்ரூடிரைவரின் முனை இன்ஜின் மேல், பிடி அவள் காதில். இருபத்தாறு வயது இருந்தால் அதிகம்.

"ஏங் கண்ணு, இங்க நஸ்ரின்னு ஒருத்தங்க... உங்கம்மாங்களா?"

"நான்தாங்க்கா."

பூங்கோதைக்கு நாற்பத்து மூன்று வயது. முக்காலியைத் தேடி உட்கார்ந்துகொண்டாள்.

உட்கார்ந்து, எல்லாவற்றையும் கொட்டினாள்.

"வண்டியோட புத்தகத்துல கியர் ஆயில் ஜிஎல் நாலுன்னு போட்டிருந்துச்சு. அது அம்பது வருஷத்துப் புத்தகம். நான் ஜிஎல் அஞ்சு ஊத்தினேன். இருக்கறதுலயே ஒசந்த ஆயில். நீயே சொல்லு, நாலை விட அஞ்சு பெருசா இல்லியா?"

"பெருசுதாங்க்கா."

"அப்பறம் என்ன?"

நஸ்ரின் ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் இன்னொரு இடத்துக்கு நகர்த்தினாள்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கலியே! கேட்டிருக்கணுமா இல்லியா?"

"கேட்டிருக்கணும்."

"அது!" பூங்கோதை தொடையில் தட்டினாள். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். தப்பு ஓட்டினவன் மேல. மாறன். கிளட்ச்சை முழுசா மிதிச்சிருக்க மாட்டான். அரைகுறையா மிதிச்சா கியர் எப்படி விழும்? எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் இருக்கேன்."

"அவரைக் கேட்டீங்களா?"

"அவனை என்னத்தக் கேக்கறது?"

நஸ்ரின் ஸ்க்ரூடிரைவரைக் காதிலிருந்து எடுத்தாள்.

சுவரில் மோதியதில் மாறனுக்கு இடது பாதம் போய்விட்டது. கிளட்ச் மிதிக்கிற கால். பூங்கோதைக்கும் அது தெரியும்.

*

நஸ்ரின் போய் இரண்டு கண்ணாடி டம்ளர்களைக் கொண்டுவந்தாள். ஒன்றில் ஜிஎல் நாலு ஊற்றினாள். இன்னொன்றில் ஜிஎல் அஞ்சு.

டப்பாவிலிருந்து இரண்டு பித்தளை ரிங் எடுத்தாள். பழைய கியர்பாக்ஸுக்குள் பல்லும் பல்லும் சேருவதற்கு முன்னால், இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கிக் கொடுப்பது இந்த ரிங்தான். இது பிடிக்காவிட்டால் கியர் விழாது.

டம்ளருக்கு ஒன்றாகப் போட்டு, மணல் பரப்பிய தட்டில் வைத்து, தட்டை மின்சார அடுப்பின் மேல் ஏற்றினாள். சின்னச் சூடு.

"எத்தனை நேரம்?"

"முப்பத்து மூணு நாள்."

"கல்யாண வீட்டுப் பாயசமே இதுக்கு முன்னால ஆயிடும் கண்ணு."

"இருங்க்கா. வேலை கெடக்குது."

இருந்தாள். வேறு போக்கிடமும் இல்லை.

*

கையைக் கட்டிக்கொண்டு இருக்கப் பூங்கோதைக்கு வராது. மூன்றாம் நாளே வெள்ளைக் காரின் இன்ஜினைத் திறந்துவிட்டாள். ஒரு டாக்டரின் வண்டி. உள்ளே ஐம்பது வருஷத்து அழுக்கு, தார் மாதிரி.

புத்தம்புது ஆயில் டின் ஒன்றை உடைக்கப் போனாள்.

"அது எதுக்குங்க்கா?"

"நல்லாக் கழுவும். அழுக்கு பூரா போயிரும்."

"எங்க போகும்?"

பூங்கோதை டின்னைக் கீழே வைத்தாள். இன்ஜினுக்குள் ஆயில் போகிற வழிகள் ஊசி நுழைகிற அளவுதான் என்பது பதினெட்டு வருஷமாக அவளுக்குத் தெரியும். அழுக்கு பெயர்ந்து வந்தால் அங்கேதான் போய் அடைக்கும்.

நஸ்ரின் மூலையிலிருந்து வேறொரு டின்னை எடுத்தாள். கெட்டியான, அழுக்கைப் பெயர்க்காத, துத்தநாகம் சேர்ந்த, பழைய வகை. அதை ஊற்றி ஸ்டார்ட் செய்தாள். ஸ்க்ரூடிரைவரைப் பூங்கோதையிடம் நீட்டினாள்.

"கேளுங்க."

"என்ன கேக்கணும்?"

"அது என்ன சொல்லுதுன்னு."

"இன்ஜின் என்ன சொல்லும்? டுர்ருனு சொல்லும்!"

ஆனாலும் காதை வைத்தாள்.

*

மில்லின் கடைசியில், தார்ப்பாய் போர்த்திய ஒரு வண்டி, கட்டைகள் மேல் தூக்கி நிறுத்தியபடி இருந்தது. தினமும் உச்சி வேளையில் நஸ்ரின் அங்கே போய், தார்ப்பாய்க்குள் கையை விட்டுப் பின்சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவாள்.

"கியர்பாக்ஸ் இறுகிடக் கூடாது, அதுக்கா?"

"அதுக்கும்தான்."

ஏழாம் நாள் பூங்கோதை கவனித்தாள். நஸ்ரின் கையை எடுத்துவிட்டாள். திரும்பி வந்து கையைத் துடைத்தாள். டீ ஊற்றினாள். டீ ஆறியது. தார்ப்பாய்க்குள் சத்தம் நிற்கவில்லை.

மெல்லிசான ஒரு முனகல். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு ஏற்றம்.

"நஸ்ரின். அது என்ன?"

"கேள்வி."

"என்ன கேள்வி?"

"என்னைக் கேக்கலீங்க்கா. அதனால எனக்குப் புரியல."

பூங்கோதை சிரித்துப் பார்த்தாள். அந்தப் பெரிய கொட்டகையில் சிரிப்பு போய்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. வந்தபோது அது அவளுடைய சிரிப்பு மாதிரி இல்லை.

அதன் பிறகு உச்சி வேளையில் அவள் வெளியே போய் நிற்க ஆரம்பித்தாள். வெளியே கேட்காது என்று நினைத்தாள்.

கேட்டது.

*

முப்பத்து மூன்றாம் நாள் நஸ்ரின் அடுப்பை அணைத்தாள்.

நாலாம் நம்பர் டம்ளரிலிருந்து ரிங்கை எடுத்துத் துணியில் துடைத்தாள். போட்டபோது இருந்த அதே மஞ்சள்.

அஞ்சாம் நம்பரிலிருந்து எடுத்தது கறுப்பாக இருந்தது, பிணத்தோடு எரிந்த மோதிரம் மாதிரி. நஸ்ரின் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். கறுப்பு உரிந்து விரலோடு வந்தது.

"சூடு அதிகமா வெச்சிருப்ப," என்றாள் பூங்கோதை.

"ஒரே அடுப்பு, ஒரே தட்டு."

"ரிங்கு மட்டமான ரிங்கா இருக்கும்."

"ஒரே டப்பா."

"டம்ளர்ல நடக்கறது வேற, வண்டியில நடக்கறது வேற! வண்டியைப் பார்க்காம நீ எப்படிச் சொல்லுவ? இதுதானே அவங்களும் பண்ணினாங்க?"

நஸ்ரின் கறுத்த ரிங்கை மணல் தட்டில் வைத்தாள்.

"நியாயம்," என்றாள். "வாங்க்கா, வண்டியைப் பார்க்கலாம்."

தார்ப்பாயை உருவினாள்.

சிவப்பு. இரண்டே இருக்கை. மூக்கு நசுங்கியிருந்தது. ஓட்டுகிறவர் பக்கம், இடது கால் வைக்கிற இடத்தில், தகரம் உள்ளே மடிந்திருந்தது.

பூங்கோதை பொட்டு வைத்து அனுப்பிய அதே ஸ்போர்ட்ஸ் கார்.

"இது... இது எப்படி இங்க?"

"பழைய இரும்புக்கடையில கெடந்துச்சு. தூக்கிட்டு வந்தேன். நீங்க வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னால."

பூங்கோதை குனிந்தாள். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் ஆயில் மூடி. மூடியின் நடுவில் பச்சைப் பொட்டு. எட்டு மாதத்துக்கு மேலாகியும் ஈரம் காயாதது போல் பளபளத்தது. தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது.

நஸ்ரின் அடிமூடியைக் கழற்றிச் சட்டியை வைத்தாள்.

ஆயில் இறங்கியது.

பொன்னைக் கரைத்து ஊற்றியது மாதிரி இறங்கியது. கூரை வெயில் பட்டு, சட்டிக்குள் லட்சம் துகள்கள் சுழன்றன. அவ்வளவு அழகாக ஓர் ஆயிலைப் பூங்கோதை பார்த்ததே இல்லை. விரலை விட்டாள். விரல் நுனி மினுமினுத்தது.

அது என்ன என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரிங் இருந்த இடத்தில் இனி ரிங் இல்லை. ஜிஎல் அஞ்சு அரித்து, மொத்தமும் பித்தளைத் தூளாகச் சட்டிக்கு வந்துவிட்டது.

கிளட்ச்சை எவ்வளவு மிதித்தாலும், அந்தக் கியர் விழாது.

"அவங்க கேக்காம சொன்னது அநியாயம்தானே?" என்றாள் பூங்கோதை. "அதையாவது சொல்லு."

"அநியாயம்தாங்க்கா. எந்தச் சபையிலயும் வந்து சொல்லுவேன்."

"அது போதும்னுதான் இத்தனை நாளும் நினைச்சேன்."

நஸ்ரின் நாலாம் நம்பர் டின்னை எடுத்துக் கியர்பாக்ஸை நிரப்பினாள். மூடியைப் போட்டு முடுக்கினாள். பின்சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, தள்ளிப்போய் முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

சக்கரம் சுற்றியது.

ஸ்க்ரூடிரைவர் பூங்கோதையின் கையில் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. முனையைக் கியர்பாக்ஸின் மேல் வைத்தாள், பச்சைப் பொட்டுக்குப் பக்கத்தில். பிடியைக் காதில் வைத்தாள்.

முதலில் பற்கள் உரசும் சத்தம். அதற்கு அடியில் அந்த முனகல். அதற்கும் அடியில், கியரை இழுத்து, திரும்ப இழுத்து, வளைவு நெருங்க நெருங்க இன்னொரு முறை இழுக்கிற ஒரு கையின் அவசரம்.

ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஏற்றம். கேள்வியின் கடைசியில் குரல் ஏறுமே, அந்த ஏற்றம்.

இரும்புக்கு வார்த்தை கிடையாது. ஆனால் இந்தக் கேள்வியை அவளுக்குத் தெரியும். யாராவது ஒருவர் இதைத் தன்னிடம் கேட்டுவிட மாட்டார்களா என்றுதானே இத்தனை மாதமும் ஊரெல்லாம் சண்டை போட்டாள்.

யார் ஊற்றியது?

"நஸ்ரின், சக்கரத்தை நிறுத்து."

நஸ்ரின் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். பத்தடி தள்ளி இருந்தாள்.

"நின்னுடும்க்கா. பதில் சொல்லுங்க."

யார் ஊற்றியது?

பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டாள். மடிந்து கிடந்த தகரத்தின் பக்கமாக முகத்தைத் திருப்பினாள்.

"நான்தான் மாறா."