நீல மூலையில் ஆரோக்கியம்

"அவர் செத்து முப்பது வருஷம் ஆவுது, மாஸ்டர். இன்னும் நான் அவர்கிட்டயே தோத்துக்கினு இருக்கேன்."

ஜெயசீலன் கிளவுஸைக் கழற்றி மேசைமேல் எறிந்தான். அவன் மாநில சாம்பியன். மறுநாள் தேசிய அணித் தேர்வுக்கு டெல்லி கிளம்ப வேண்டியவன்.

மாஸ்டர் ஸ்டெல்லா அவனைவிடச் சில வயதுதான் மூத்தவள். துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தக் குத்துச்சண்டை மன்றம் அவள் பொறுப்பில் நடக்கிறது. சுவரில் மாலை போட்டுத் தொங்கும் 'சூறாவளி' ஆரோக்கியம் அவளுடைய அப்பா.

"இப்ப யார் என்ன சொன்னாங்க?"

"ஜார்க்கண்டுக்காரனை ரெண்டாவது ரவுண்டுல படுக்க வெச்சேன். டீக்கடையில 'ஆரோக்கியமா இருந்தா மொத ரவுண்டுலயே முடிச்சிருப்பாரு'ன்றாங்க. நான் தோத்துட்டு வந்தா 'ஆரோக்கியம் தோத்ததே கிடையாது'ன்றாங்க."

"தோத்திருக்காரே."

"அது யாருக்கு ஞாபகம் இருக்கு?"

யாருக்கும் இல்லைதான். செத்தவர்களுக்கு அந்த வசதி உண்டு. இந்தத் துறைமுகப் பக்கமே வளர்ந்த நான் சின்ன வயதில் கேட்ட கதையில், ஆரோக்கியம் பர்மாவில் இருந்து சண்டைக்கு வந்த ஒருவனை ஆறாவது ரவுண்டில்தான் வீழ்த்தினார். பிறகு அது மூன்றாவது ரவுண்டு ஆயிற்று. இப்போதெல்லாம் மணி அடிக்கும் முன்பே அவன் விழுந்துவிடுகிறான்.

"அவருக்குக் கேப்பக் கூழு, உனக்குப் புரோட்டீன் பவுடர்னு சிரிக்கிறாங்க மாஸ்டர். அவர் தலையில கவசம் இல்லாம நின்னாராம். சரி, நின்னாரு. எனக்கு வீடியோ இருக்கு. டெல்லியில எதிர்ல நிக்கப்போற ஹரியானாக்காரன் எப்ப மூச்சு விடுவான்னு கூடப் பாத்து வெச்சிருக்கேன். அவர் கத்துக்கினதுக்கு மேலயும் கத்துக்கினிருக்கேன்."

"அதனால?"

"நான் உங்கப்பாவ ஜெயிப்பேனா, மாட்டேனா? நீங்க சொல்லணும். சொல்லலைன்னா நான் டெல்லிக்குப் போவல. ஜெயிச்சு வந்தும் இதே பேச்சுதான்னா, நான் எதுக்கு மூக்கை உடைச்சிக்கணும்?"

ஸ்டெல்லா கிளவுஸுக்குள் கையில் சுற்றும் துணியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். சுருட்டி முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"சாயங்காலம் ரிங்குக்கு வா."

"வழக்கம்தானே, வருவேன்."

"கையைத் தொங்கப் போடாத."

ஜெயசீலன் திடுக்கிட்டான்.

அன்று ஆரோக்கியத்தின் நினைவு நாள். அந்த மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. நினைவு நாளில் நீல மூலையில் ஒரு ஸ்டூல் போட்டு, அதன்மேல் ஆரோக்கியத்தின் படத்தை வைப்பார்கள். அந்த வருடத்துச் சாம்பியன் சிவப்பு மூலையில் இருந்து எழுந்து வந்து, கைகளைத் தொங்கவிட்டு, ஒரு ரவுண்டு முழுக்கத் தலைகுனிந்து நிற்பான். கடைசியில் நடுவர் படத்தை உயர்த்திக் காட்டி, "ஜெயித்தது ஆரோக்கியம்!" என்பார். கூட்டம் விசிலடிக்கும். அப்புறம் பிரியாணி.

யாரும் இதைத் தப்பென்று நினைத்ததில்லை. நானும் விசிலடித்தவன்தான்.

அன்று மாலையும் கூட்டம் நெருக்கியடித்தது. சவரிமுத்துப் பெரியவர் மணியடிக்க உட்கார்ந்திருந்தார். ஆரோக்கியத்தின் சண்டைகளை நேரில் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பவர் அவர். பர்மாக்காரனை ஆறில் இருந்து மூன்றுக்குக் கொண்டுவந்த பெருமையும் அவருடையதே.

நடுவராக ஸ்டெல்லா ஏறினாள்.

மணி அடித்தது.

ஜெயசீலன் எழுந்து நடுவில் வந்தான். கைகள் தாடைக்கு நேராக இருந்தன. இறங்கவில்லை.

"டேய், கையை இறக்குடா!" என்றார் சவரிமுத்து.

அவன் இறக்கவில்லை. 

"பெரிய மனுசனுக்கு மரியாதை தெரியாதா?"

"திமிரு ஏறிப் போச்சு இவனுக்கு!"

ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்து கயிற்றில் பட்டு விழுந்தது. ஸ்டெல்லா அதைக் காலால் ஓரம் தள்ளினாள். நேராக நீல மூலைக்குப் போனாள். படத்தின் முன்னால் குனிந்தாள். கும்பிடப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அவள் ஒரு விரலை நீட்டினாள்.

"ஒண்ணு."

சத்தம் நின்றது.

"ரெண்டு. மூணு."

"ஏம்மா!" சவரிமுத்து நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "என்னா பண்ற நீ? பெத்த அப்பனுக்கே கவுண்ட் எண்ணுறியா?"

"ரிங்குக்குள்ள அப்பன் கிடையாது, பெரியப்பா. நீல மூலை, சிவப்பு மூலை. நீங்க மணி அடிச்சிட்டீங்க. நீல மூலை எழுந்து வரல."

"செத்தவர் எப்படிம்மா எழுந்து வருவாரு?"

"அதத்தான் நானும் பாக்கறேன். நாலு. அஞ்சு."

அவள் குரல் உடைந்தது. அப்பா முகம் அவளுக்குப் படத்தில் பார்த்த முகம்தான். ஆனாலும் உடைந்தது. எண்ணுவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

பத்து வந்தது. பத்து எண்ணுவதற்குள் எழாதவன் தோற்றவன்.

அவள் நடுவுக்கு வந்து ஜெயசீலனின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள்.

"ஜெயித்தது ஜெயசீலன்!"

ஒருவரும் கைதட்டவில்லை. விசிலும் இல்லை. சவரிமுத்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜெயசீலன் உயர்ந்திருந்த தன் கையை அண்ணாந்து பார்த்தான். அவன் முகம் கறுத்தது.

"கையை விடுங்க மாஸ்டர்."

"ஏன்? இதத்தான கேட்ட?"

"அவர் என்னை ஒரு குத்து கூடக் குத்தலையே. இது ஒரு ஜெயிப்பா?"

ஸ்டெல்லா கையை விடவில்லை. கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"முப்பது வருஷமா எங்கப்பாவும் இப்படித்தாண்டா ஜெயிச்சிக்கினு இருந்தாரு."

ஜெயசீலன் நீல மூலையில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கேட்டான்:

"டெல்லியில அந்த ஹரியானாக்காரன் என்னைக் குத்துவானா?"

"பல்லு ஆடுற மாதிரி குத்துவான்."

"அப்ப போறேன்."