ஏழாவது கூட்டிலிருந்து வந்த குளவி

அன்று குளக்கரை எலுமிச்சை மரத்தடியில் இருந்தவர்கள்: ஆமை ஒன்று, அணில் ஒன்று, கொண்டைக்குருவி ஒன்று. குருவியின் கூட்டில் முட்டைகள் மூன்று. இலைகளில் புழுக்கள் இருபத்திரண்டு.

வழக்கம்போல் குளவிகளை விரட்டிவிட்டு வந்த குருவி கத்தியது: "இந்தப் புழுக்கள் மரத்தை மொட்டையடிக்கின்றன! காக்கை என் முட்டைகளைப் பார்த்துவிடும். எல்லாவற்றையும் தின்றுவிடப் போகிறேன்!"

"பொறு அக்கா!" என்றது ஆமை. "இவை கடைசியில் என்ன ஆகின்றன என்று யாருக்குத் தெரியும்? ஏழு புழுக்களைக் கொடு. வளர்த்துப் பார்த்துச் சொல்கிறேன். பிறகு நீயே முடிவு செய்."

"சரி. பாதி இலை போனால் விடமாட்டேன்!"

ஆமை ஏழையும் ஒரு மரப்பொந்தில் வைத்தது. அணில் தினமும் தளிர் கொண்டுவந்தது. கண்டதை ஆமை சொல்லச் சொல்ல, அணில் கற்றாழை மடலில் நகத்தால் கீறி வைத்தது.

பறவை எச்சம் போலிருந்த புழுக்கள் பச்சையாயின. பிறகு தின்பதை நிறுத்திக் குச்சிகளில் ஒட்டிக்கொண்டன, கூடுகளாயின.

"செத்துவிட்டன அண்ணே! தூக்கி எறிவோம்!" என்றது அணில்.

"செத்ததைப் பார்த்தாயா? அசையவில்லை என்று மட்டும் கீறு."

ஒரு காலை கூடுகள் திறந்தன. ஐந்து வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. ஆறாவது திறக்கவில்லை. ஏழாவதை ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தது ஒரு குளவி!

அணில் பதறியது. "இதையும் வண்ணத்துப்பூச்சி என்றே கீறட்டுமா? அக்காவுக்குக் குளவி என்றாலே ஆகாது, அத்தனை புழுக்களையும் தின்றுவிடும்!"

"வந்தது என்ன?"

"குளவி."

"அதையே கீறு."

ஆமை சொன்னதைக் கேட்ட குருவி திகைத்தது. "புழுவுக்குள் குளவி எப்படிப் போனது?"

"மரத்தில் இருந்தபோதே குளவி அதற்குள் முட்டை வைத்திருக்கும், அதன் குஞ்சு புழுவைத் தின்றே வளர்ந்திருக்கும். நான் பார்க்கவில்லை, என் ஊகம்தான்."

குருவி தலையில் அடித்துக்கொண்டது. "ஐயோ! புழுக்களைக் குறைக்க வந்தவர்களையா நான் விரட்டினேன்? எல்லாமே வண்ணத்துப்பூச்சி என்று சொல்லியிருந்தால், அவை முட்டையிட்டுப் புழுக்கள் இன்னும் பெருகுமே என்று பயந்து ஒன்றுவிடாமல் தின்றிருப்பேன்!"

அணில் வாலுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டது.

குருவி அதன்பின் குளவிகளை விரட்டவில்லை, புழுக்களையும் அழிக்கவில்லை. மரம் மீண்டும் தழைத்தது. மூன்று குஞ்சுகளும் பறந்தன. பொந்தில் மீதி, திறக்காத கூடு ஒன்று. அதை ஆமை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நமக்குப் பிடிக்காததையும் கண்டபடியே சொன்னால்தான், கண்டது எல்லோருக்கும் பயன்படும்.