லான் தூங்கும் வகுப்பு

வியட்நாமின் சைகோன் நகரத்தில் செலஸ்தீன் மேடம் ஓர் ஆங்கிலப் பயிற்சி மையம் நடத்திவந்தார். மூன்று தலைமுறைக்கு முன் புதுச்சேரியிலிருந்து போய்க் குடியேறிய குடும்பம். வீட்டில் இன்னும் தமிழ்தான். அந்த மையத்தில் ஆசிரியராக வந்து சேர்ந்தவன் சிவகங்கைக்காரன் பூமிநாதன். மேடம் அவனைவிட வயதில் சின்னவர். ஆனாலும் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் போய் நிற்பான். அந்த மனிதனுக்குச் சந்தேகத்துக்கு மட்டும் குறைவே இல்லை.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து நின்றான்.

"மேடம், லான்னு ஒரு பொண்ணு. மத்த வகுப்புல குச்சி மாதிரி நிமிர்ந்து உட்கார்றா. என் வகுப்புக்கு வந்தா மட்டும் தலையைக் கவுத்துத் தூங்கிடறா."

"குறட்டை விடறாளா?"

"இல்லை."

"அப்புறம் என்ன சார்?"

"அவங்கம்மா பாத்துட்டாங்க. இன்னொரு தரம் தூங்கினா என்னை மாத்தணுமாம். இல்லேன்னா பொண்ணை நிறுத்திடுவாங்களாம்."

பெற்றோர் பார்க்கட்டும் என்று அங்கே வகுப்புகளுக்கெல்லாம் கண்ணாடிச் சுவர் வைத்திருந்தார்கள். வேலை போனால் விசாவும் போகும், மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்தப் பயம் ஒரு பக்கம். தன் பாடம் அவ்வளவு சப்பென்றா இருக்கிறது என்ற கேள்வி அதைவிட அதிகமாக அவனை அரித்தது.

"எழுப்பறதா, விடறதா மேடம்?"

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த ஊரில் மதியச் சாப்பாடு முடிந்தால் கடை, ஆபீஸ் எல்லாம் கண்ணயரும். மையத்திலும் விளக்கை அணைத்து, மேசைகளை ஒதுக்கி, பாய் விரித்து ஆசிரியர்கள் வரிசையாகப் படுத்துவிட்டார்கள். பூமிநாதன் மட்டும் வழக்கம்போல நாற்காலியில் போய் விறைப்பாக உட்கார்ந்தான்.

"படுங்க சார்," என்று மேடம் ஒரு பாயைக் காட்டினார்.

"வேணாம் மேடம்."

"தூக்கம் வரலையா?"

"கண்ணு சொக்குது. ஆனா எல்லாரும் இருக்காங்களே."

"எல்லாரும் தூங்குறாங்க."

"யாராவது முழிச்சுப் பாத்தா?"

மேடம் சிரிக்கவில்லை. அந்தப் பாயை அவன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே போட்டு, கையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். படுத்த உடனே தூங்கியும் போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு முதலாளி தன் முன்னால் இப்படித் தூங்கி அவன் பார்த்ததே இல்லை. கேள்விக்குப் பதில் வந்துவிட்டதா, இனிமேல்தான் வருமா என்று புரியாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாலையில் வகுப்பு. ஒரு கலங்கரை விளக்கக் காவலாளியின் கதையை அவன் வாசித்தான். பிள்ளைகள் வரியில் விரல் வைத்துக் கேட்டார்கள். இரண்டாம் பத்தியில் லானின் தலை மேசைக்குப் போய்விட்டது.

வாசித்தபடியே போய் அவள் தோளைத் தொடக் கை நீட்டினான். திறந்த வாயைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு லானின் அம்மா வந்தாள். வேலை பார்க்கும் சூப் கடையிலிருந்து ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தாள். முகத்தில் கோபம். பூமிநாதனின் விரல் தானாக உதட்டுக்குப் போயிற்று. ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

அவள் அவன் விரலைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பாடம் முடியட்டும், அப்புறம் இருக்கிறது என்பதுபோல மகளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வேறு வழி தெரியாமல் அவன் வாசித்துக்கொண்டே போனான். ஒரு பக்கம் புரட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், அம்மாவின் தலை மகளின் முதுகில் சாய்ந்திருந்தது.

பிள்ளைகளிடம் அடுத்த பத்தியை மனசுக்குள் படிக்கச் சொல்லிவிட்டு வெளியே ஓடினான். நடையில் மேடம் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இப்ப அம்மாவும் தூங்குறாங்க! என் பாடம் அவ்வளவு மோசமா? நான் யாரை எழுப்பறது?"

"நீங்க எதுக்கு சார் வெளிய வந்தீங்க? உள்ள போய் வாசிங்க. உங்க குரல் நின்னா ரெண்டு பேரும் முழிச்சுக்குவாங்க."